ஒரு திர்ஹம் உணவுக்கு, ஒரு திர்ஹம் கோடரிக்கு

இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக் கொண்டிருப்பது, ஸுனன் அபூதாவூதில் ஜகாத் பற்றிய பகுதியில் வரும் ஒரு ஹதீது. ஹஜ்ரத் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் அறிவிப்பது. ஜும்ஆ பயான்களில் பலமுறை நம் காதில் விழுந்த செய்திதான். யாசகம் கேட்பது இழிவு என்பதற்கு ஆதாரமாக அதை எடுத்துச் சொல்லி, அத்துடன் முடித்து விடுவது வழக்கம். ஆனால் ஒரு குடும்பம் பிறர் கையை எதிர்பாராமல் சொந்தக் காலில் நிற்பதற்கான வழிமுறை முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. மாதச் சம்பளத்தையோ, அரபு நாட்டிலிருந்து வரும் பணத்தையோ பார்த்துப் பார்த்து நாளைக் கழிக்கும் நம் இல்லங்களில் அதை உட்கார்ந்து படிக்க வேண்டும்.

நிகழ்ச்சி இதுதான். அன்சாரிகளில் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து உதவி கேட்டார். உம் வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஒரு முரட்டுத் துணி இருக்கிறது. அதில் பாதியைப் போர்த்திக் கொண்டு பாதியை விரித்துக் கொள்கிறோம். தண்ணீர் குடிக்க ஒரு பாத்திரமும் உண்டு என்றார் அவர். அவ்விரண்டையும் கொண்டு வரச் செய்து, தம் திருக்கரத்தில் எடுத்துக் கொண்டு, வாங்குவோர் யார் என்று சபையில் கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தருவதாகச் சொன்னார். அதற்கு மேல் தருவோர் உண்டா என்று இரண்டு மூன்று முறை கேட்ட பின் மற்றொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்து வாங்கிக் கொண்டார். அந்த இரண்டையும் அன்சாரியிடம் கொடுத்து, ஒன்றுக்கு உணவு வாங்கிக் குடும்பத்தாரிடம் சேர்த்துவிட்டு, மற்றொன்றுக்குக் கோடரி வாங்கித் தம்மிடம் கொண்டு வரும்படிச் சொன்னார்கள். அவர் கொண்டு வந்த கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாட்கள் தம் கண்ணில் படக்கூடாது என்றும் சொல்லியனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது பத்து திர்ஹம் சம்பாதித்திருந்தார். சிலவற்றுக்குத் துணியும், சிலவற்றுக்கு உணவும் வாங்கியிருந்தார்.

நிகழ்ச்சியின் முடிவில், கேட்பதற்கு அனுமதியுள்ளவர்கள் மூவர் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். மண்ணோடு மண்ணாக்கும் வறுமையில் இருப்பவர், தாங்க முடியாத கடனில் சிக்கியவர், இரத்த ஈட்டுத் தொகை கொடுக்கும் பொறுப்பேற்றுத் தவிப்பவர். இதை விட்டுவிட்டு ஹதீதின் முற்பகுதியை மட்டும் எடுத்து, வாசலில் வந்து நிற்கும் விதவையையும் நோயாளியையும் "போய் உழைத்துப் பிழை" என்று விரட்டுவோரும் நம்மில் உண்டு. அவர்களுக்கு இந்த ஹதீதில் ஆதாரம் இல்லை.

முதற் கேள்வி

நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தவருக்கு முதலில் கிடைத்தது பணமன்று, உபதேசமுமன்று, ஒரு கேள்வி. வீட்டில் என்ன இருக்கிறது? தொழில் தொடங்க விரும்பும் நம்மவர்கள் கேட்கும் முதற் கேள்வி வேறு. கடன் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். இவ்விரண்டு கேள்விகளும் ஆளை இரண்டு திசையில் கொண்டு போகின்றன.

நம் வீடுகளைச் சற்றே சுற்றிப் பார்ப்போம். சீதனத்தில் வந்த கிரைண்டர் வாரத்தில் ஒரு நாள் மட்டும் சுற்றுகிறது. தையல் இயந்திரம் துணி போர்த்தி மூலையில் நிற்கிறது. பரணில் பித்தளை அண்டாவும் தேக்சாவும் கிடக்கின்றன; கலியாணத்திற்குக் கலியாணம் கூட இறங்குவதில்லை. பொருள் இல்லாத வீட்டில் கைத்திறன் இருக்கும். உம்மாவுக்கு வட்டலப்பம் பக்குவம் தெரியும். மாமிக்கு ஊறுகாய் கைவந்த கலை. மகளுக்குப் பூ வேலை போடத் தெரியும். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெய்து வரும் பாய்க்குப் பெரும் பெயர் உண்டு. அதற்கு மூலப்பொருள் ஆற்றோரத்தில் விளையும் கோரைப் புல்தான். புல்லை அந்த விலைக்கு உயர்த்துவது கை.

அன்சாரித் தோழரிடமிருந்து வாங்கி விற்கப்பட்டவை வீட்டில் வேண்டாமல் கிடந்த பொருள்களல்ல. படுக்கையும் குடிக்கும் பாத்திரமும் அவை. ஆயினும் பதினைந்து நாள் கழித்து அவர் வாங்கியவற்றுள் துணியும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். போனது திரும்பி வந்து விட்டது. கழுத்தில் கிடக்கும் அரைப் பவுனை விற்கத் தயங்கி, அதையே வட்டிக்கு அடகு வைத்து, மூழ்கும் வரை வட்டி கட்டிக் கொண்டிருக்கும் நமக்கு இது யோசிக்கத் தக்கது. விற்றால் நஷ்டம் என்று எண்ணுகிறோம். அடகில் மூழ்கினாலும் நகை போகிறது. கட்டிய வட்டியும் சேர்ந்து போகிறது. வட்டி கொடுத்த பாவமும் ஏடேறுகிறது.

எந்தத் தொழில்?

விறகு வெட்டும்படி சொன்னதில் ஒரு நுட்பம் உண்டு. விறகுக்குக் கொள்முதல் இல்லை; காட்டில் கிடக்கிறது. அடுப்பு எரியும் எல்லா வீட்டிற்கும் அது வேண்டும். காலையில் வெட்டினால் மாலையில் ரொக்கம். சரக்கு தங்குவதில்லை. சிறிய முதல் உடையவர்கள் இந்த மூன்றையும் பார்த்தே தொழிலைத் தேர்ந்து கொள்ள வேண்டும்: கொள்முதல் குறைவு, அன்றாடத் தேவை, பணம் விரைவில் திரும்புதல். ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்து, ஸஃது இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். கைனுகா சந்தையில் அவர்கள் விற்றது பாலாடைக்கட்டியும் நெய்யும். பட்டும் அத்தரும் அல்ல. பிற்காலத்தில் மதீனாவின் பெருஞ்செல்வர்களில் ஒருவரானவரின் தொடக்கம் அது.

நம் தெருக்களில் இதற்கு ஈடான தொழில் எது என்று கேட்டால், இட்லி தோசை மாவு விற்பதைச் சொல்வோம். வேலைக்குப் போகும் பெண்கள் பெருகி விட்டார்கள். தனியே அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளும் அதிகம். இவர்களில் யாரும் உளுந்து ஊறப் போட்டுக் கொண்டிருப்பதில்லை. இதில் கணக்குப் பார்க்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். விலை ஊருக்கு ஊர், மாதத்திற்கு மாதம் மாறும். நாம் தரும் எண்கள் உதாரணத்திற்குத்தான். முறையைப் பிடித்துக் கொண்டால் போதும்.

இட்லி அரிசி 4 கிலோ, கிலோ 45 ரூபாய் வீதம் 180. உளுந்து 1 கிலோ 130. வெந்தயம், உப்பு, மின்சாரம், உறை எல்லாம் சேர்த்து 50. ஆக அடக்கம் 360 ரூபாய். இதை வீட்டுக் கிரைண்டரில் ஆறேழு தடவையாக அரைத்தால் பதினொரு கிலோ அளவில் மாவு கிடைக்கும். கிலோ 50 ரூபாய்க்கு விற்றால் 550. இலாபம் 190.

பெரும்பாலான வீட்டுத் தொழில்கள் விழுவது இந்த இடத்தில்தான். மாலையில் கையில் 550 ரூபாய் இருக்கிறது. அத்தனையும் சம்பாத்தியம் போலத் தோன்றுகிறது. அன்று மச்சான் வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள்; கறி எடுக்க அதிலிருந்து பணம் போகிறது. மறுநாள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம். மூன்றாம் நாள் அரிசி வாங்கப் பணம் இல்லை. மளிகைக் கடையில் கடன். ஒரு மாதத்தில் "மாவு வியாபாரம் நமக்கு ஆகி வரவில்லை, பரக்கத் இல்லை" என்று கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்து விடுகிறோம். முதலைச் சாப்பிட்டு விட்டு பரக்கத்தின் மேல் பழி போடுவது முறையா?

ஒரு திர்ஹம் உணவுக்கு, ஒரு திர்ஹம் கோடரிக்கு என்று நாயகம் (ஸல்) அவர்கள் பிரித்துக் கொடுத்தது இதற்கு மருந்து. இரண்டையும் கோடரியில் போட்டிருந்தால் அன்றிரவு பிள்ளைகள் பசித்திருப்பார்கள். மறுநாள் கோடரியையே விற்க நேர்ந்திருக்கும். இரண்டையும் உணவுக்குக் கொடுத்திருந்தால் மூன்றாம் நாள் மீண்டும் வாசலில் வந்து நின்றிருப்பார். உணவுக்குரிய திர்ஹம்தான் கோடரியைக் காப்பாற்றியது. ஆகவே தொழில் தொடங்குமுன், குறைந்தது இரண்டு வாரச் சாப்பாட்டுச் செலவு வேறு எங்கிருந்தாவது வருமா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். வருவதற்கு வழியில்லையானால், வேலையை விட்டு விட்டுத் தொழிலில் குதிக்கக் கூடாது. வேலையுடன் கூடவே சிறிய அளவில் தொடங்க வேண்டும்.

வீட்டில் இரண்டு டப்பாக்கள் வையுங்கள். விற்ற பணம் வந்ததும், முதலில் 360 ரூபாய் ஒரு டப்பாவுக்குள் போய்விட வேண்டும். அது நாளைய அரிசி, உளுந்து. அதை வீட்டிற்கு எடுப்பது பிறர் பணத்தை எடுப்பது போல என்று மனத்தில் எழுதிக் கொள்ள வேண்டும். மீதி 190இல் ஐம்பதோ அறுபதோ அதே டப்பாவில் தனி முடிச்சாகப் போடுங்கள். கிரைண்டர் கல் கொத்த வேண்டி வரும், பெல்ட் அறும், ஒரு நாள் மழையில் நாலு கிலோ விற்காமல் புளித்துப் போகும். எஞ்சியதுதான் இரண்டாவது டப்பாவுக்கு, அதாவது வீட்டிற்கு. இப்போது பலரும் கைபேசியிலேயே பணம் அனுப்பி விடுவதால் வீட்டுப் பணமும் வியாபாரப் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கலந்து போகின்றன. அவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது அன்றன்று பிரித்து எழுத வேண்டும்.

பதினைந்து நாள் தவணை வைத்ததும் காரணமில்லாமலன்று. அது கணக்குப் பார்க்கும் நாள். பதினைந்தாம் நாள் முதல் டப்பாவை எண்ணிப் பாருங்கள். போட்ட முதல் முழுதும் இருக்கிறதா, கூடியிருக்கிறதா, கரைந்திருக்கிறதா? கரைந்திருந்தால் விலை தவறா, கடன் கொடுத்ததா, வீட்டிற்கு எடுத்ததா என்று அப்போதே தெரிந்துவிடும். ஒரு வருடம் கழித்துத் தெரிவதில் பயனில்லை.

காம்பு போட்டவர் யார்?

கோடரியை வாங்கியது அன்சாரித் தோழர். காம்பு போட்டது நாயகம் (ஸல்) அவர்கள். ஜமாஅத் நிர்வாகிகள் இதைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்களில் தையல் இயந்திரம் வழங்கும் விழாக்கள் நடக்கின்றன. மேடை, மாலை, புகைப்படம் எல்லாம் உண்டு. வாங்கிச் சென்ற சகோதரிக்குத் தைக்கத் துணி கொடுப்பவர் யார், வெட்டுக் கற்றுக் கொடுப்பவர் யார், பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் பிடித்துக் கொடுப்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. ஆறு மாதத்தில் அந்த இயந்திரம் பாதி விலைக்குப் போகிறது. காம்பில்லாத கோடரியால் விறகு வெட்ட முடியாது. பத்து இயந்திரம் கொடுப்பதை விட மூன்று கொடுத்து, அம்மூவருக்கும் ஓராண்டு வேலை பிடித்துக் கொடுப்பது மேல் என்பது நம் அபிப்பிராயம்.

முதலுக்கு வழி

வீட்டில் விற்பதற்கும் ஒன்றும் இல்லாதவர்கள் என்ன செய்வது? தெருவுக்குத் தெரு தண்டல்காரர் வருகிறார். பத்தாயிரம் கடன் என்று பெயர்; கையில் தருவது ஒன்பதாயிரம். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் கடன் நாள்தோறும் குறைந்து கொண்டே வருவதால், ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் அது 75 விழுக்காட்டைத் தாண்டும். நம் மாவு வியாபாரத்தின் 190 ரூபாயில் 100 ரூபாய் காலையிலேயே அவர் கைக்குப் போனால் மீதி 90. அதில் கல் கொத்துவதா, குழந்தைக்குப் பால் வாங்குவதா? அல்லாஹு தஆலா அல்பகரா அத்தியாயத்தில் வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கி இருப்பதன் காரணம், ஏழையின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் கண்ணுக்கே தெரிகிறது. அதீத வட்டி வாங்குவதைத் தடை செய்து தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருக்கிறது. ஆயினும் கடன் கேட்டுப் போகிறவர் சட்டப் புத்தகத்துடன் போவதில்லை.

அழகிய கடன் (கர்ளன் ஹஸனா) கொடுக்கும் பைத்துல்மால் ஊரில் இருந்தால் அதை நாடலாம். வாங்கியதைத் தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும். பைத்துல்மால் பணம்தானே என்று இருந்துவிட்டால் அடுத்த ஏழையின் முதலை நாம் சாப்பிட்டவர்கள் ஆவோம்.

மற்றொரு வழி, முதல் ஒருவருடையது, உழைப்பு ஒருவருடையது என்ற கூட்டு. முளாரபா என்பது இதுதான். நாயகம் (ஸல்) அவர்கள் நுபுவ்வத்துக்கு முன் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கைக் கொண்டு ஷாம் தேசம் சென்று வியாபாரம் செய்து வந்ததை நாம் அறிவோம். இம்முறையை நம்மவர்கள் செய்கிறார்கள்; ஆனால் பெரும்பாலும் தவறாகச் செய்கிறார்கள். துபாயில் இருக்கும் தம்பி, வீட்டிலிருந்தபடி துணி வியாபாரம் செய்ய லாத்தாவுக்கு 20,000 ரூபாய் அனுப்புகிறார். "மாதம் ஐநூறு ரூபாய் மட்டும் எனக்குக் கொடுத்துவிடு, மீதியெல்லாம் உனக்கு" என்கிறார். தம்பி தாராளமாக நடந்து கொண்டதாக எல்லோரும் மகிழ்கிறார்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் முதலும் குறையாமல் மாதம் ஐநூறும் வர வேண்டும் என்றால் அதற்குப் பெயர் இலாபமன்று, வட்டி. உறவு இருப்பதால் பெயர் மாறி விடாது.

சரியான முறை விகிதம் பேசிக் கொள்வது. உழைப்பவருக்கு 60, முதல் போட்டவருக்கு 40 என்று தொடக்கத்திலேயே பேசிக் கொள்ளலாம்; விகிதம் இருவர் சம்மதம். மூன்று மாதத்தில் சரக்கெல்லாம் 26,000 ரூபாய்க்கு விற்று, வண்டிக் கூலி முதலிய செலவு 1,000 போனால், இலாபம் 5,000. லாத்தாவுக்கு 3,000, தம்பிக்கு முதலுடன் 2,000. சரக்கு தேங்கி 17,000தான் வந்தது என்றால், நட்டம் மூவாயிரமும் தம்பியின் முதலில்தான் கழியும்; லாத்தாவுக்கு மூன்று மாத உழைப்பு வீண். அவர் அலட்சியமாகக் கெடுத்திருந்தாலோ, பேசியதை மீறி நடந்திருந்தாலோ தவிர, நட்டத்தை அவர் தலையில் கட்டக் கூடாது. இவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். தம்பியிடமே எழுதி வாங்குவதா என்று கூச்சப்படுவோர் பின்னால் ஐந்து வருடம் பேசாமல் இருப்பதை நாம் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறோம்.

விற்கும்போது

வியாபாரச் சட்டம் அறியாதவர் நம் சந்தையில் விற்க வேண்டாம் என்ற கருத்தில் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் சொன்னதாகத் திர்மிதியில் வருகிறது. சந்தை என்றால் பெரிய கடைவீதி என்று நினைத்து விடக்கூடாது. நம் வீட்டுத் திண்ணையில் மாவு அளக்கும் இடமும் சந்தைதான்.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்தச் செய்தி மாவு விற்பவருக்கென்றே வந்தது போல இருக்கிறது. பத்துக் கிலோ மாவில் ஒரு செம்பு தண்ணீர் கூடுதலாக விட்டால் எடை கூடும். இலாபம் ஐம்பது ரூபாய். இட்லி தட்டையாகப் போன பிறகுதான் வாங்கியவருக்குத் தெரியும். நேற்று விற்காத மாவைப் புது மாவின் அடியில் கலந்து விடுவதும் இவ்வகைதான். மீந்ததைத் தனியே வைத்து, "இது நேற்றைய மாவு, பணியாரத்திற்கும் ஊத்தப்பத்திற்கும் ஆகும், கிலோ முப்பது ரூபாய்" என்று சொல்லி விற்பதில் எந்தத் தடையும் இல்லை. அதற்கும் ஆள் வரும். குறையைச் சொன்ன கடைக்கு வாடிக்கை நிலைக்கிறது என்பது வியாபாரிகள் அறிந்ததே. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. தம் கூட்டாளியிடம் ஒரு துணியின் குறையைச் சொல்லி விற்கும்படி கூறியிருந்தும், அவர் மறந்து விற்று விட்டார்; வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் விற்ற பணம் முழுவதையும் தர்மம் செய்து விட்டார்கள் என்று அவர்களின் வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது.

எடைக்குத் தராசு வேண்டும். கிண்ணத்தால் குத்துமதிப்பாக அளப்பது வேண்டாம். முத்திரையிட்ட தராசே வைத்துக் கொள்ள வேண்டும். முதஃப்பிஃபீன் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள், வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி விற்கும்போது குறைப்பவர்களைப் பற்றியவை. உணவுப் பொருள் விற்போர், வீட்டில் தயாரித்தாலும் கூட, 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்து கொள்ள வேண்டும். சிறு தயாரிப்பாளருக்குரிய பதிவு எளிது, செலவும் சொற்பம். அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை.

"அல்லாஹ் மேல ஆணையா எனக்கே அது அடக்கமாகாது" என்ற வார்த்தை நம் பக்கத்து வியாபாரத்தில் வெற்றிலை பாக்குப் போலப் புழங்குகிறது. பொய்யாக இருந்தால் பெரும்பாவம். மெய்யாக இருந்தாலும், சத்தியம் சரக்கை விற்றுத் தரும், பரக்கத்தைத் துடைத்து விடும் என்ற கருத்தில் நபிமொழி வந்திருக்கிறது. விலையைச் சொல்லுங்கள், வாங்குபவர் வாங்கட்டும்.

கடன் விவகாரம் சற்றுக் கடினமானது. தெருவில் எல்லோரும் சொந்தம். "சாயங்காலம் தருகிறேன் தங்கச்சி" என்று போனவர் வாரக் கணக்கில் வருவதில்லை. கேட்டால் மனத்தாங்கல். அல்பகராவின் 282ஆவது வசனம் கடனை எழுதிக் கொள்ளும்படி ஏவுகிறது; கைக்குக் கை நடக்கும் வியாபாரத்தை எழுதாமல் விடுவதில் குற்றமில்லை என்றும் அதே வசனத்தில் சலுகை இருக்கிறது. ஆகவே ரொக்கத்திற்கு எழுத வேண்டாம். கடன் என்றால் இருபது ரூபாயானாலும் வாங்குபவர் முன்னிலையிலேயே எழுதுங்கள். எல்லோருக்கும் எழுதுவது என்று வைத்துக் கொண்டால் யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். உண்மையிலேயே முடியாதவருக்கு அவகாசம் கொடுக்கும்படி 280ஆவது வசனம் கூறுகிறது. முடிந்தால் தர்மமாக விட்டு விடலாம். ஆனால் அந்தத் தர்மம் இரண்டாவது டப்பாவிலிருந்து போக வேண்டும். முதல் டப்பாவிலிருந்து தர்மம் செய்தால் நாளைக்கு அரைக்க உளுந்து இராது.

பெண்களின் சம்பாத்தியம்

வீட்டிலிருந்தே செய்யும் இத்தகைய தொழில்களில் பெரும்பாலும் பெண்களின் கையே உழைக்கிறது. அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் உழைத்து, வந்ததைத் தர்மம் செய்து வந்தார்கள். ஹஜ்ரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஜைனப் (ரலி) அவர்கள், தம் கணவருக்கும் தம் பராமரிப்பில் இருந்த அநாதைகளுக்கும் செலவிடுவது தர்மமாக நிறைவேறுமா என்று கேட்டனுப்பினார்கள்; உறவைப் பேணிய கூலி, தர்மத்தின் கூலி என இரண்டு கூலி உண்டு என்று பதில் கிடைத்தது. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. அந்தப் பணம் அவர்களுடையது. கொடுத்தால் அது தர்மம். கணவர் உரிமையாக எடுத்துக் கொள்ளக் கூடியதாக இருந்தால் தர்மம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்னிஸா அத்தியாயத்தின் 32ஆவது வசனமும் ஆண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்கும் பெண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்ற கருத்தைத் தருகிறது.

மனைவி மாவரைக்கத் தொடங்கியதும் வீட்டுச் செலவைக் குறைத்துக் கொண்டு டீக்கடை பெஞ்சில் நேரத்தை நீட்டும் கணவர்கள் உண்டு. மனைவி சம்பாதிப்பதால் கணவர் மீதுள்ள ஜீவனாம்சக் கடமை நீங்காது. மனைவி மனமுவந்து வீட்டிற்குக் கொடுத்தால் அது அவருடைய உபகாரம். இரவு பதினொரு மணிக்குக் கிரைண்டர் கழுவுவது யார் என்பதையும் அந்த வீட்டு ஆண்கள் யோசிக்கலாம். நாயகம் (ஸல்) அவர்கள் தம் வீட்டு வேலைகளில் மனைவியருக்கு உதவி வந்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

ஜகாத்

தொழில் வளர்ந்து, கையிலுள்ள பணமும் சரக்கும் நிஸாப் அளவை எட்டினால் ஜகாத் கணக்கு வரும். கிரைண்டர், தராசு, தையல் இயந்திரம், பாத்திரம் இவற்றுக்கு ஜகாத் இல்லை. அவை கோடரியைப் போலத் தொழிற் கருவிகள். விற்பதற்காக வைத்திருக்கும் துணி, அரிசி, உளுந்து, கையிலும் வங்கியிலும் உள்ள பணம் ஆகியவற்றை அன்றைய விலைக்கு மதித்து, இரண்டரை விழுக்காடு கொடுக்க வேண்டும். நமக்கு வர வேண்டிய பாக்கியையும் நாம் கொடுக்க வேண்டிய கடனையும் எப்படிச் சேர்ப்பது, கழிப்பது என்பதில் ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளுக்கிடையே வித்தியாசம் உண்டு; அவரவர் மஹல்லா ஆலிமிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டிக் கேட்டுக் கொள்ளவும். ஆண்டுக் கணக்கு பிறை மாதக் கணக்குப்படி வரும் என்பதால், நிஸாப் எட்டிய பிறைத் தேதியை முதல் டப்பாவின் மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.